ஆரல்வாய்மொழிச் சவுக்கையும் பிரஸ்ஸல்ஸும்: குமரிப் பயணக் குறிப்புகள்

செவ்வாய் – ஆரல்வாய்மொழி

பணகுடி தாண்டியதும் காற்று பேருந்தின் ஜன்னலைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தது. ஆனிக் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடும் இந்த இடைவெளியில்தான் இத்தனை காற்றாலைகளும் நிற்கின்றன. நாகர்கோவில் வரை சீட்டு எடுத்திருந்தும் ஆரல்வாய்மொழியிலேயே இறங்கிவிட்டேன்.

பயணத்துக்குக் காரணம் அக்கா மகள். மார்த்தாண்டத்தில் வளர்ந்தவள், நர்சிங் முடித்தவள், ஜெர்மன் மொழித் தேர்வும் எழுதிவிட்டு அந்த நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறாள். ஃபோனில் கேட்டாள்: "மாமா, ஜெர்மனி விசா இருந்தா பிரான்ஸ், இத்தாலிக்கெல்லாம் போலாம்னு சொல்லுதாங்க. காசும் ஒண்ணுதானாம். அப்போ அது ஒரு நாடா, 27 நாடா?" நல்ல கேள்வி. அவள் கேட்டது ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி, ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அவளை வழியனுப்ப எப்படியும் வரவேண்டியிருந்தது. இந்த மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டே பதிலை எழுதிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். எல்லை என்றால் என்ன, அதைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் குமரி மண்ணுக்குப் பழக்கமான விஷயங்கள்.

இந்தக் கணவாய் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தெற்கு வாசல். கோட்டைச் சுவர் இருந்தது. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது கும்பினிப் படை இதை உடைத்துக்கொண்டுதான் உள்ளே போனது. சுவர் போனபிறகும் சுங்கம் வாங்கும் சாவடியான சவுக்கை இருந்தது. இந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை, பிரிட்டிஷ் ஆட்சி. அந்தப் பக்கம் மகாராஜா ஆட்சி, வேறு காசு, வேறு தபால், வேறு வரி. மாட்டு வண்டிக்காரர் ஒவ்வொருவரும் மூட்டையை அவிழ்த்துக் காட்டித் தீர்வை கட்டிவிட்டுத்தான் நகர முடியும்.

1865-ல் அது மாறியது. திவான் மாதவராவ் காலத்தில் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்றும் ஒரு வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. உப்பு, புகையிலை போன்ற சில சரக்குகள் தவிர மற்றவற்றுக்கு உள்ளெல்லையில் தீர்வை இல்லை. பதிலுக்கு, கடல் வழியாக வரும் சரக்குக்குத் திருவிதாங்கூர்த் துறைமுகங்களும் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதத்தையே வசூலிக்க வேண்டும். உப்பையும் அதே விலைக்கு விற்க வேண்டும். வருமான இழப்புக்கு ஒரு ஈட்டுத் தொகை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடித்தளம் இதே ஏற்பாடுதான். பெயர் சுங்க ஒன்றியம். உள்ளே தீர்வை கிடையாது, வெளிச்சுவர் மட்டும் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஏன் ஒரே உயரம்? தமிழ்நாட்டுக் கடற்கரையில் தீர்வை பத்து ரூபாய், கேரளக் கடற்கரையில் இரண்டு ரூபாய் என்று இருந்து, நடுவில் சோதனையும் இல்லையென்றால் எல்லாக் கப்பலும் கேரளத்துக்குத்தானே போகும்? பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1957-ல் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1968 ஜூலை 1-ல் தங்களுக்குள் இருந்த தீர்வைகளை முழுக்க எடுத்துவிட்டன. இன்று ராட்டர்டாம் துறைமுகத்தில் ஒரு பெட்டி இறங்கினால், நெதர்லாந்து வசூலிக்கும் சுங்கத்தில் 75 சதவீதம் ஒன்றியத்தின் பொதுப் பணம். வசூல் செலவுக்கென்று நெதர்லாந்து வைத்துக்கொள்வது 25 சதவீதம்.

ஆனால் 1865 ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை இருந்தது. தீர்வை விகிதத்தை முடிவு செய்தது பிரிட்டிஷ் இந்தியா. அங்கே கூட்டினால் இங்கேயும் கூட வேண்டும், குறைத்தால் குறைய வேண்டும். திருவிதாங்கூருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. இன்றும் இப்படி ஒரு நாடு இருக்கிறது. துருக்கி 1995-ன் கடைசி நாளிலிருந்து ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. உறுப்பு நாடு இல்லை என்பதால் ஓட்டு கிடையாது. ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் வேறொரு நாட்டோடு ஒப்பந்தம் போட்டால், அந்த நாட்டுச் சரக்கு ஐரோப்பா வழியாகத் துருக்கிக்குள் தடையில்லாமல் வந்துவிடும். துருக்கியின் சரக்குக்கு அங்கே அதே சலுகை கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

கூட்டில் சேர்வது ஒரு விஷயம், கூட்டில் பேச இடம் கிடைப்பது இன்னொரு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் ஐரோப்பா புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் தோவாளைப் பூச்சந்தையை எட்டிப் பார்த்துவிட்டு நாகர்கோவிலில் தங்கல். ஓணத்துக்கு இங்கிருந்து லாரி லாரியாகப் பூ கேரளத்துக்குப் போகும். எந்தச் சவுக்கையிலும் நிற்காது.

புதன் – பத்மநாபபுரம், உதயகிரி

காலையிலேயே தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பலமுறை வந்திருந்தாலும் அந்தக் கரிய, பளபளக்கும் தரையில் செருப்பில்லாமல் நடக்கும்போது கால் தானாக மெதுவாகிவிடுகிறது. நுழைவுச் சீட்டில் மலையாளம். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-ல் மாநில எல்லை மாறியபோது செய்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. தெருவிளக்கும் காவல் நிலையமும் தமிழ்நாட்டுடையவை, உத்தரமும் ஓவியமும் கேரளப் பொறுப்பு. நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரம் கிளம்பும்போது வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடச் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்து அனுப்பும்.

அதிகாரம் என்றால் ஒரு துண்டு நிலத்துக்கு ஒரே எஜமான் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஐரோப்பியர்களும் அப்படித்தான் பழகியிருந்தார்கள், அதற்காக இரண்டு உலகப் போர் நடத்தினார்கள். 1950 மே 9-ல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமான் அந்தப் பழக்கத்தை உடைக்கும் யோசனையைச் சொன்னார்: பிரான்சின், ஜெர்மனியின் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கையில் கொடுப்போம். பீரங்கி செய்ய எஃகு வேண்டும், எஃகு செய்ய நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவில் இருந்தால் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போருக்குத் தயாராக முடியாது. 1951-ல் ஒப்பந்தம் ஆனது. போர் முடிந்து ஆறே வருடம்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஒன்றியம். 1993 நவம்பரில் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பெயர் வந்தது. எல்லா அதிகாரத்தையும் அங்கே கொடுத்துவிடவில்லை. சுங்கம், வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தம், வணிகப் போட்டி விதி, யூரோ வைத்திருக்கும் நாடுகளின் நாணயக் கொள்கை, கடல் மீன் வளப் பாதுகாப்பு, இவை முழுக்க ஒன்றியத்திடம். விவசாயம், சுற்றுச்சூழல், போக்குவரத்து போன்றவை பகிர்வு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ், ராணுவம் அந்தந்த நாட்டிடம். அதனால்தான் இந்தியா ஜெர்மனியோடு மட்டும் தனியாக ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மறுபடி எடுத்த பேச்சுவார்த்தை எல்லாம் பிரஸ்ஸல்ஸோடுதான்.

ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மசோதா எழுதும் உரிமை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்துக்கு மட்டும். நாட்டுக்கு ஒருவராக 27 ஆணையர்கள், ஆனால் அவரவர் நாட்டுக்காகப் பேசமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள். அவர்கள் எழுதியது இரண்டு சபைகளுக்குப் போகும். ஒன்று, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 720 பேர் கொண்ட நாடாளுமன்றம். இன்னொன்று, அந்தந்தத் துறை அமைச்சர்கள் கூடும் மன்றம். விவசாயம் என்றால் 27 விவசாய அமைச்சர்கள், நிதி என்றால் 27 நிதி அமைச்சர்கள். இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் சட்டம்.

மன்றத்தில் ஓட்டு எண்ணும் முறையைக் கவனியுங்கள். பெரும்பாலான விஷயங்களில் ஒரு தீர்மானம் ஜெயிக்க 55 சதவீத நாடுகள், அதாவது 15 நாடுகள் வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஜெர்மனி நினைத்தால் மட்டும் போதாது, ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள மால்டாவும் ஒரு நாடாக எண்ணப்படும். குட்டி நாடுகள் எல்லாம் சேர்ந்து பெரிய நாடுகளின் தலையில் கட்டவும் முடியாது. நாடாளுமன்றத்திலும் ஜெர்மனிக்கு 96 இடம், மால்டாவுக்கு 6. மக்கள்தொகைக் கணக்கில் மால்டாவுக்கு ஓர் இடம்கூடத் தேறாது. சின்னவனுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகப் போட்ட சோறு அது, அதில் எனக்கு மனநிறைவு உண்டு.

வரி, வெளியுறவு, புது உறுப்பினர் சேர்ப்பு போன்றவற்றில் மட்டும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அங்கே ஒரே நாடு எல்லாவற்றையும் நிறுத்த முடியும். 2023 டிசம்பரில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை ஹங்கேரி நிறுத்தியது. 2024 பிப்ரவரி 1 வரை இழுத்தது. இந்தத் தனி மறுப்பு உரிமை குறைய வேண்டும் என்பவர்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன், ஆனாலும் சிறிய நாடுகள் ஏன் அதை விட மறுக்கின்றன என்பது புரிகிறது.

மத்தியானம் பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக் கும்பினியின் ஆள் டி லனாய், பிறகு அதே ராஜாவுக்குப் படைத்தலைவனாகி இங்கேயே இறந்தார். இடிந்த தேவாலயத்தில் அவருடைய கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. அதன் எதிரில் உட்கார்ந்து வேறொரு டச்சுக் கதையை நினைத்துக்கொண்டேன்.

வான் கெண்ட் என் லோஸ் என்ற டச்சு நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரசாயனம் இறக்கியது. நெதர்லாந்து அரசு 3 சதவீதத் தீர்வையை 8 ஆக்கியிருந்தது. தீர்வை கூட்டமாட்டோம் என்று ரோமில் கையெழுத்திட்டீர்களே என்று நிறுவனம் வழக்குப் போட்டது. ஒப்பந்தம் அரசுகளுக்குள் போட்டது, உனக்கென்ன என்பது அரசுத் தரப்பு. 1963-ல் ஒன்றிய நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது: இந்த ஒப்பந்தம் அரசுகளுக்கு மட்டும் இல்லை, சாதாரண மனிதருக்கும் உரிமை தருகிறது, உள்ளூர் நீதிமன்றமே அதைக் காக்க வேண்டும். அடுத்த வருடம் இத்தாலியில் ஒருவர் சின்ன மின்கட்டணத்தைக் கட்ட மறுத்த வழக்கில், ஒன்றியச் சட்டமும் நாட்டுச் சட்டமும் மோதினால் ஒன்றியச் சட்டமே நிற்கும் என்றும் சொல்லிவிட்டது.

உலகத்தில் நாடுகள் போட்ட ஒப்பந்தங்களுக்குப் பஞ்சமில்லை. லக்சம்பர்க்கில் உட்கார்ந்திருக்கும் அந்த நீதிமன்றம் இல்லையென்றால் ஐரோப்பாவும் கைகுலுக்கும் புகைப்படங்களோடு நின்றிருக்கும்.

வியாழன் – களியக்காவிளை

அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். இங்கே எல்லை என்பது கடைகளின் பெயர்ப்பலகையில் எழுத்து மாறுவதுதான். டீக்கடைக்காரர் எங்களிடம் தமிழிலும், அடுத்த ஆளிடம் மலையாளத்திலும், திரும்பும்போது இரண்டும் கலந்தும் பேசினார். கேரளப் பதிவெண் வண்டிகள் இந்தப் பக்கத்து பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றன. பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அவரவர் மாநில வரி, ஆகவே விலை வேறு. இதேபோல ஜெர்மானியர்கள் லக்சம்பர்க் போய் டாங்கை நிரப்புகிறார்கள். அங்கேயும் வரி அந்தந்த நாட்டின் கையில். விற்பனை வரியின் பொது விகிதத்துக்கு 15 சதவீதம் என்று தரை மட்டும் வைத்திருக்கிறார்கள். லக்சம்பர்க் 17, ஹங்கேரி 27.

2017 ஜூலை 1 வரை இந்தச் சாலையில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. காகிதத்தைக் கையில் பிடித்தபடி லாரி ஓட்டுநர்கள் நின்ற வரிசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தது, வரிசை போனது. மாநிலங்களுக்கு ஐந்து வருட ஈடு, வருடம் 14 சதவீத வளர்ச்சிக் கணக்கில். 1865-லும் ஈடு, 2017-லும் ஈடு. வாசலைத் திறப்பதால் இழப்பவனுக்கு ஏதாவது கொடுக்காமல் எந்த வாசலும் திறந்ததில்லை.

ஜிஎஸ்டி மன்றத்திலும் ஓட்டு உண்டு. இந்திய ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் ஜெயிக்க நான்கில் மூன்று பங்கு. கணக்குப் போட்டால் டெல்லி ஒன்றே எதையும் தடுத்துவிடலாம். மாநிலங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் டெல்லி இல்லாமல் எதையும் நிறைவேற்ற முடியாது. ஐரோப்பிய அமைச்சர் மன்றத்தில் ஜெர்மனியோ பிரான்சோ தனியாக ஒரு தீர்மானத்தைத் தடுக்க முடியாது, குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும். இந்த வித்தியாசத்தை நம் ஊரில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும்.

"விசா கதைக்கு வாங்க மாமா" என்றாள். சரி, ஷெங்கன். லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில், பிரான்சும் ஜெர்மனியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உள்ள ஒரு சின்னக் கிராமம் அது. 1985 ஜூன் 14-ல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் எல்லைச் சோதனை நின்றது. இன்று 29 நாடுகள். ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிச்டென்ஸ்டைன் இதில் உண்டு. ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்தும் சைப்ரஸும் இல்லை. அதேபோல யூரோ எல்லோருக்கும் இல்லை. டென்மார்க்கும் ஸ்வீடனும் சொந்தக் காசு வைத்திருக்கின்றன.

அவளுக்கு ஜெர்மனியில் தங்கும் அனுமதி கிடைத்ததும், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய் வரலாம். வேலை பார்க்க முடியாது. எங்கே வேண்டுமானாலும் போய் வேலை தேடும் உரிமை ஒன்றியத்தின் குடிமக்களுக்கு உரியது. போர்ச்சுகலில் படித்த நர்ஸின் சான்றிதழ் ஜெர்மனியில் தானாகச் செல்லும், குமரியில் படித்த நர்ஸுடையதைத் தனியாகப் பரிசீலிப்பார்கள். இதைச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது. வெளிச்சுவர் என்று நேற்று முன்தினம் எழுதினேனே, அது சரக்குக்கு மட்டும் இல்லை.

திறந்த எல்லை என்றால் எல்லை அழிந்துவிட்டது என்று பொருளில்லை. இந்தக் கோடு எங்கே போகவேண்டும் என்பதற்காக இதே விளவங்கோட்டில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டதில் தமிழர்கள் இறந்தார்கள். நேசமணி வழிநடத்திய போராட்டத்தின் முடிவில் 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கோடு நியாயமாக அமைந்ததால்தான் இன்று யாரும் அதைப் பார்க்காமல் கடந்து போக முடிகிறது என்று நான் நம்புகிறேன். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நில எல்லை ஓடும் வட அயர்லாந்திலும் இதுதான் சிக்கல். 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே எல்லை கண்ணில் படாமல் போயிருந்தது. 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது, அந்தக் கோட்டில் மறுபடி சாவடி போட யாருக்கும் தைரியமில்லை. சோதனையை, பிரிட்டனிலிருந்து வரும் சரக்கு இறங்கும் வட அயர்லாந்துத் துறைமுகங்களுக்கு நகர்த்தினார்கள்.

வெள்ளி – குலசேகரம்

மழை. ரப்பர் மரங்களுக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டி வெட்டு நடக்கிறது. ஒரு தோட்டத்தில் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையில் ஒதுங்கியபோது பேச்சு வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புக்கு எதிராக ஒரு விதி கொண்டுவந்தது. ரப்பர், காப்பி, கொக்கோ, பாமாயில், சோயா, மாடு, மரம் ஆகியவற்றிலிருந்து செய்த எந்தப் பொருளும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது. விளைந்த நிலத்தின் புவி அளவைப் புள்ளிகளையும் கொடுக்க வேண்டும். அமலாகும் தேதி தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் குலசேகரத்து ஷீட் டயராகி ஐரோப்பாவுக்குப் போகும் என்றால், ஒரு ஏக்கர்க்காரரின் தோட்டமும் யாரோ ஒருவருடைய வரைபடத்தில் ஏறியாக வேண்டும்.

விதியின் நோக்கத்தை நான் மனதார ஏற்கிறேன். மலையைச் சுரண்டுவதைக் கண்ணெதிரே பார்க்கிற மாவட்டம் இது. ஆனால் இந்த விவசாயிக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. பணக்கார நார்வேக்கும் அதே நிலைதான். ஒற்றைச் சந்தையில் விற்பதற்காக அதன் விதிகளை ஏற்கிறது, மன்றத்தில் ஓட்டு இல்லை. நார்வே தெரிந்தே தேர்ந்தெடுத்தது. குலசேகரத்துக்காரரை யாரும் கேட்கவில்லை.

சனி – தூத்தூர், குளச்சல்

இந்த மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் நான் வந்த நேரத்தில் சின்னமுட்டம் போட்டுகள் கடலில், குளச்சல் போட்டுகள் கரையில். கேரளத் தடை 52 நாள்தான், ஜூன் 9-ல் தொடங்கும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் பெரும்பாலும் கொச்சியிலிருந்து தங்கு கடலுக்குப் போகிறவர்கள். தமிழ்நாட்டுப் பதிவு, கேரளத் துறைமுகம், இரண்டையும் தாண்டிய ஆழ்கடலில் தொழில். ஓகிப் புயலில் காணாமல் போனவர்களைக் கணக்கெடுக்கவே இரண்டு மாநிலங்களுக்குள் எவ்வளவு தடுமாற்றம் என்பது இந்தக் கரையில் யாருக்கும் மறக்காது.

"சாளைக்கு எல்லை தெரியுமா மக்களே?" என்றார் தூத்தூரில் ஒரு பெரியவர், வலை பொத்திக்கொண்டே. முட்டையிடும் மீனை ஒரு கரையில் விட்டுவைத்து அடுத்த கரையில் பிடித்தால் தடைக்காலத்துக்கு என்ன அர்த்தம் என்பது அவர் கேள்வி.

மீன் வளப் பாதுகாப்பை ஐரோப்பியர்கள் ஒன்றியத்தின் கையில் முழுதாகக் கொடுத்ததற்கு இதே காரணம்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் 27 மீன்வள அமைச்சர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடுவார்கள். எந்தக் கடலில் எந்த மீன் அடுத்த வருடம் எத்தனை டன் பிடிக்கலாம் என்று விடிய விடியப் பேரம். அறிவியல் ஆலோசனை கோபன்ஹேகனில் உள்ள, 1902-ல் தொடங்கிய கடல் ஆய்வு மன்றத்திடமிருந்து வரும். மொத்த டன் முடிவானதும், 1983-ல் நிர்ணயித்த விகிதப்படி நாடுகளுக்குப் பங்கு பிரியும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ளூர்ப் படகுகளுக்கு முன்னுரிமை கொடுக்க அந்தந்த நாட்டுக்கு அனுமதி உண்டு. நம் ஊரிலும் 12 மைல் வரை மாநிலம், அதற்கு மேல் டெல்லி.

இது குறையில்லாத ஏற்பாடு இல்லை. விஞ்ஞானிகள் சொன்னதைவிட அதிகமான டன்னுக்கு அமைச்சர்கள் பல வருடம் ஒப்புக்கொண்டார்கள், கடல் அதற்கு விலை கொடுத்தது. பங்கு தீர்ந்துவிட்டதென்று வலையில் வந்த செத்த மீனைக் கடலிலேயே கொட்டினார்கள். அதைத் தடுக்க 2013-ல்தான் சட்டம் வந்தது. நார்வே 1972-லும் 1994-லும் பொது வாக்கெடுப்பில் ஒன்றியம் வேண்டாம் என்றதற்கு மீன் ஒரு முக்கியக் காரணம். டென்மார்க்கோடு உள்ளே போன கிரீன்லாந்து, மீனுக்காகவே 1985-ல் வெளியே வந்தது.

பிரிட்டன் கதை எனக்கு வருத்தம் தருவது. அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் மீன்பிடி மிகச் சின்னப் பங்கு. ஆனாலும் 2016 வாக்கெடுப்பில் துறைமுக ஊர்கள் நம் கடலை மீட்போம் என்ற பேச்சை நம்பி நின்றன. 51.9 சதவீதம் வெளியேறச் சொன்னது. வெளியேறிய பிறகு நடந்தது என்ன? பிடித்த மீனை விற்கும் சந்தை அக்கரையில் இருந்தது. முன்பு இரவோடு இரவாகப் பிரான்சுக்குப் போன பெட்டிக்கு இப்போது சுகாதாரச் சான்று, சுங்கக் காகிதம். 2021 ஜனவரியிலிருந்து, சுத்திகரிக்காத உயிர்ச் சிப்பிகளைப் பிரிட்டனின் பெரும்பாலான நீர்ப்பகுதிகளிலிருந்து அனுப்பவே முடியவில்லை. வெளியிலிருந்து வரும் யாருக்கும் உள்ள விதி அது. ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் பிடிப்பதோ, 2025 ஒப்பந்தப்படி 2038 வரை தொடரும். அந்த மீனவர்கள் ஏமாந்தவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிட மனம் வரவில்லை. டிசம்பர் மேசையில் அவர்கள் பெயரில் பேசிய அமைச்சர் அவர்கள் ஊருக்கு எத்தனை தடவை வந்திருப்பார்?

குளச்சலில் மத்தியானம். அயிலையும் நெத்திலியும் வள்ளக்காரர்கள் கொண்டுவந்தவை, ஏலம் சுறுசுறுப்பாக இருந்தது. ஏற்றுமதிக்குக் கணவாய் மீன் வாங்கும் தரகர் ஒருவரிடம் கேட்டேன். ஐரோப்பாவுக்குப் போகும் கடல் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும்: எந்தப் படகு, எந்தக் கடல், எப்போது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்காத நாட்டுக்கு முதலில் மஞ்சள் அட்டை, பிறகு சிவப்பு அட்டை. இலங்கைக்கு 2015 ஜனவரியில் சிவப்பு விழுந்து, மீன் ஏற்றுமதி நின்றது. படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி, புதுச் சட்டம் என்று திருத்திக்கொண்ட பிறகு 2016 ஜூனில் தடை நீங்கியது. துப்பாக்கி இல்லை, மிரட்டல் பேச்சு இல்லை. பெரிய சந்தையின் வாசலில் நின்று காகிதம் கேட்கிறார்கள், நாடுகள் சட்டத்தை மாற்றுகின்றன.

ஞாயிறு – கன்னியாகுமரி, சின்னமுட்டம்

விடிகாலைக் கூட்டத்தை விட்டு விலகி சின்னமுட்டம் துறைமுகத்துக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து தெற்கே வாட்ஜ் பேங்க், வளமான மீன்பிடித் தளம். 1976-ல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்தபோது அது இந்தியாவின் உரிமை என்று முடிவானது. அதோடு சேர்ந்த கடிதங்களில் ஒரு சலுகை: இலங்கையின் ஆறு கப்பல்கள் மட்டும் மூன்று வருடங்களுக்கு வருடம் 2,000 டன் வரை பிடிக்கலாம். பிறகு நிறுத்திவிட வேண்டும். அதற்கு ஈடாக ஐந்து வருடம் இந்தியா இலங்கைக்கு மீன் கொடுக்கும்.

படிக்கும்போது பிரஸ்ஸல்ஸ் டிசம்பர்ப் பேரம் போலவே இருக்கிறது. பங்கு, டன், தவணை, ஈடு. ஆனால் தவணை முடிந்ததும் மேசையைக் கலைத்துவிட்டார்கள். வருடாவருடம் உட்கார ஓர் இடம் இல்லை, வழக்குக் கேட்க ஒரு நீதிபதி இல்லை. மிச்சம் இருப்பது கடற்படையும் கைதும்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985-லேயே தொடங்கிவிட்டது, ஷெங்கனில் கையெழுத்தான அதே வருடம். காத்மாண்டுவில் செயலகம் இருக்கிறது. அதன் சாசனப்படி எல்லா முடிவுக்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், இரு நாட்டுத் தகராறுகளை எடுக்கவே கூடாது. 2014-க்குப் பிறகு தலைவர்கள் மாநாடு கூடவில்லை. பேச நாற்காலி எல்லோருக்கும் உண்டு, பேசி முடிவானது யாரையும் கட்டாது. திருவிதாங்கூருக்கு 1865-ல் இருந்தது நேர் எதிரான குறை.

எட்டு நாடுகளும் ஒரேயடியாக ஒன்றாகும் என்ற கனவு எனக்கில்லை. சூமான் செய்ததுபோல ஒரே ஒரு பொருளில் தொடங்கலாம். நமக்கு அது பாக் நீரிணையின் மீன். இரு பக்கத்து மீனவர்களும் அரசுகளும் உட்காரும் ஒரு பொது ஆணையம், வருடத்துக்கு எத்தனை டன் என்று சொல்லும் விஞ்ஞானிகள், இரு நாடும் கட்டுப்படும் ஒரு தீர்ப்பாயம். நாற்காலியும் வேண்டும், எடுத்த முடிவு எல்லோரையும் கட்டவும் வேண்டும்.

வலை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு போட்டு ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இழுவை மடி வச்சிருக்கவன் கதி? அவன் சம்மதிப்பானா?" என்றார். சரியான இடத்தில் கை வைத்தார். வடக்கு இலங்கையின் தமிழ் மீனவர்கள் முறையிடுவது அந்த மடியைப் பற்றித்தான், அந்த நாடு 2017-ல் அதைச் சட்டப்படி தடைசெய்துவிட்டது. நம் ராமேஸ்வரம் பக்கத்துக் குடும்பங்கள் பல அதை நம்பித்தான் கடன் வாங்கியிருக்கின்றன.

நிலக்கரி, எஃகு அமைப்பிலும் இதே கேள்வி வந்தது. நஷ்டத்தில் ஓடிய சுரங்கங்கள் மூடப்பட்டால் தொழிலாளி எங்கே போவான்? மாற்று வேலைப் பயிற்சிக்கும், வேறு வேலை கிடைக்கும் வரை கைச்செலவுக்கும், வீடு கட்டவும் அந்த அமைப்பே பணம் கொடுத்தது. பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றும் மானியத் திட்டம் இங்கேயும் 2017-ல் தொடங்கியது. புதுப்படகு இருந்தால் போதாது. வாரக்கணக்கில் கடலில் தங்கி, ஆயிரக்கணக்கான தூண்டில் இறக்கிச் சூரையும் சுறாவும் பிடிக்கிற தொழிலை, மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகியவர்களுக்கு யாராவது கூடவே இருந்து கற்றுத்தர வேண்டும். அந்தத் தொழிலைத் தலைமுறையாகச் செய்கிறவர்கள் தூத்தூரில் இருக்கிறார்கள், குளச்சல் தாண்டி ஒரு பேருந்து தூரத்தில். தடைக்காலம் முடிகிற ஜூலைக் கடைசி வரை அவர்களில் பலர் ஊரில்தான் இருப்பார்கள்.